சிறிய ட்ரோனுக்குப் புரொப்பெல்லர் வடிவமைப்பது எப்படி: கைக்கணக்கிலிருந்து கணினி உகப்பாக்கம் வரை

நான்கு ரோட்டார் ட்ரோன் ஒன்று அந்தரத்தில் நிற்கும்போது, பேட்டரியிலிருந்து வரும் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கீழே தள்ளுவதற்கே போகிறது. கேமராவும் கட்டுப்பாட்டுப் பலகையும் எடுப்பது சில வாட் மட்டுமே. பறக்கும் நேரத்தை நீட்ட வேண்டுமென்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் பிளேடு. அதன் அகலத்தையும் முறுக்கையும் கணக்கால் தேர்ந்தெடுக்கும் முறையை, ஒரே எடுத்துக்காட்டை வைத்து முதலிலிருந்து கடைசி வரை இங்கே பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு இது: மொத்த எடை 1.6 கிலோ, நான்கு மோட்டார், 10 அங்குலப் புரொப்பெல்லர், ஒவ்வொன்றிலும் 2 பிளேடு. இடம் கடல்மட்டம், வெப்பநிலை 35 டிகிரி. அப்போது காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.15 கிலோ. பாடநூலில் வரும் 1.225 என்பது 15 டிகிரிக்கான எண். வெயிலில் பறக்கும் ட்ரோனுக்கு அதைப் போட்டால் கணக்கு தொடக்கத்திலேயே 6 சதவீதம் பிசகிவிடும்.

படி 1: கணினியைத் திறக்கும் முன் கைக்கணக்கு

ஒரு ரோட்டார் தூக்க வேண்டியது 0.4 கிலோ, அதாவது 3.92 நியூட்டன். ஆரம் 0.127 மீட்டர். சுழல்வட்டப் பரப்பு 0.0507 சதுர மீட்டர். சுழல்வட்டத்தின் வழியே காற்று இறங்கும் வேகத்தைக் கீழ்வேகம் என்று அழைப்போம்.

கீழ்வேகம் = √(தூக்குவிசை ÷ (2 × அடர்த்தி × பரப்பு))

எண்களைப் போட்டால் நொடிக்கு 5.80 மீட்டர் வருகிறது. இதைத் தூக்குவிசையால் பெருக்கினால் 22.7 வாட். இந்த எடையை இந்த விட்டத்தில் தாங்க இயற்கை கேட்கும் குறைந்தபட்ச விலை இதுதான். மிகச் சிறந்த வடிவத்தைத் தேடும் எந்த உகப்பாக்கமும் இதற்குக் கீழே போகாது. உங்கள் நிரல் 22 வாட் என்று சொன்னால் மகிழ வேண்டாம், நிரலில் பிழை இருக்கிறது.

இந்த 22.7 வாட்டை உண்மையில் செலவாகும் அச்சுத்திறனால் (மோட்டார் அச்சு புரொப்பெல்லருக்குத் தரும் திறன்) வகுத்து வரும் எண்ணைச் செயல்திறன் எண் என்போம். அது 0.6 என்றால் செலவு 37.8 வாட், 0.7 என்றால் 32.4 வாட். 0.6-லிருந்து 0.7-க்கு ஏறுவதுதான் நம் வேலை.

ஆனால் பிளேடு வடிவத்தைத் தொடும் முன், 11 அங்குலத்துக்கு மாறினால் எளிதாகக் கிடைக்கும் லாபத்தைப் பாருங்கள். குறைந்தபட்சத் திறன் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 10 சதவீதம் பெரிய விட்டம் தனியாகவே 9 சதவீதம் மிச்சப்படுத்தும். சட்டகத்தில் இடம் இருந்தால் முதலில் விட்டத்தைக் கூட்டுங்கள். அது முடிந்த பிறகே மற்றவை.

படி 2: கையாலேயே முதல் பிளேடு

தொடக்கத்துக்கு நிமிடத்துக்கு 5000 சுற்று என்று எடுப்போம். கோணவேகம் நொடிக்கு 523.6 ரேடியன், நுனிவேகம் நொடிக்கு 66.5 மீட்டர். ஒலிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே அமுக்க விளைவுகளை மறந்துவிடலாம்.

கீழ்வேகம் சுழல்வட்டம் முழுவதும் ஒரே அளவாக இருந்தால் செலவு மிகக் குறைவு. இந்த நிபந்தனையை, பிளேடின் ஒவ்வொரு துண்டும் தரும் ஏற்றத்தோடு சமன்படுத்தினால் அகலத்துக்கு நேரடியான சூத்திரம் கிடைக்கிறது:

அகலம் = 8 × பை × கீழ்வேகத்தின் இருமடி ÷ (பிளேடு எண்ணிக்கை × ஏற்றக் கெழு × கோணவேகத்தின் இருமடி × மையத்திலிருந்து தூரம்)

ஏற்றக் கெழு என்பது பிளேடின் வடிவமும் கோணமும் எவ்வளவு ஏற்றம் தருகின்றன என்று காட்டும் எண். அதை எல்லா இடத்திலும் 0.7 என்று வைத்தால், நம் பிளேடுக்கு அகலம் = 0.0022 ÷ தூரம் (மீட்டரில்). சாய்வுக்கோணம் என்பது காற்று வரும் கோணமும், பிளேடு அந்தக் காற்றைச் சந்திக்கும் தாக்குகோணமும் சேர்ந்தது. உங்கள் ஏர்ஃபாயில் (பிளேடின் குறுக்குவெட்டு வடிவம்) 0.7 ஏற்றக் கெழுவை 4 டிகிரி தாக்குகோணத்தில் தருகிறது என்று வைத்துக்கொண்டால்:

ஆரத்தின் 30% இடத்தில்: அகலம் 57.8 மி.மீ., சாய்வு 20.2 டிகிரி
ஆரத்தின் 50% இடத்தில்: அகலம் 34.7 மி.மீ., சாய்வு 13.9 டிகிரி
ஆரத்தின் 75% இடத்தில்: அகலம் 23.1 மி.மீ., சாய்வு 10.6 டிகிரி
ஆரத்தின் 90% இடத்தில்: அகலம் 19.3 மி.மீ., சாய்வு 9.5 டிகிரி

75% இடத்துச் சாய்வைப் பிட்சாக (ஒரு சுற்றில் திருகுபோல முன்னேறும் தூரம்) மாற்றினால் 4.4 அங்குலம் வருகிறது. கடையில் கிடைக்கும் 10×4.5 (விட்டம் 10, பிட்ச் 4.5 அங்குலம்) புரொப்பெல்லர் இந்த எடை வகுப்பில் ஏன் இவ்வளவு பரவலாக ஓடுகிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மையத்திலிருந்து விலக விலக வேகம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ அதே விகிதத்தில் அகலம் குறைகிறது. ஆகவே ரெனால்ட்ஸ் எண் (வேகமும் அகலமும் சேர்ந்து காற்றோட்டத்தின் இயல்பைக் காட்டும் எண்) அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒன்றேதான், இங்கே சுமார் 70,000. முழுப் பிளேடுக்கும் ஒரே ஏர்ஃபாயிலை அதன் மிகச் சிறந்த நிலையில் இயக்கலாம் என்பது அந்தரத்தில் நிற்கும் ரோட்டார் தரும் சலுகை.

இதற்கு இரண்டு திருத்தம் வேண்டும். முதலாவது நுனி இழப்பு. நுனியில் கீழிருந்து மேலே காற்று சுற்றிக்கொண்டு போவதால் அங்கே ஏற்றம் சுழியாகிவிடும். 1919-இல் ஜெர்மன் அறிவியலாளர் பெட்ஸ் எழுதிய ஆய்வுக்குப் பின்னிணைப்பாக பிராண்டல் கொடுத்த திருத்தக் கெழு இன்றும் போதுமானது. நம் ரோட்டாரில் அது 75% இடத்தில் 0.96, 90% இடத்தில் 0.79, 95% இடத்தில் 0.62. அகலத்தை இதனால் பெருக்க வேண்டும். அப்போது மொத்தத் தூக்குவிசை சுமார் 12 சதவீதம் குறையும். அதை ஈடுகட்டக் கீழ்வேகத்தை 6.2 ஆக உயர்த்தினால், 75% இடத்தில் அகலம் 25 மி.மீ., 90% இடத்தில் 17 மி.மீ., 95% இடத்தில் 13 மி.மீ. என்று வரும். சாய்வுக்கோணம் பாதி ஆரத்துக்கு வெளியே சுமார் அரை டிகிரி கூடும்.

இரண்டாவது, அடிப்பகுதி. 58 மி.மீ. அகலத்தை யாரும் செய்யப்போவதில்லை. 32 மி.மீ.யில் வெட்டிவிடுங்கள். ஆரத்தின் உள் 30 சதவீதம் தருவது மொத்தத் தூக்குவிசையில் 9 சதவீதம்தான், அதனால் இழப்பு சிறியது.

படி 3: ஏர்ஃபாயில் தரவு — வெற்றியும் தோல்வியும் முடிவாகும் இடம்

பிளேடின் உராய்வு இழப்பை இந்த வடிவத்துக்கு ஒரே வரியில் எழுதலாம்: தூக்குவிசை × (இழுவைக் கெழு ÷ ஏற்றக் கெழு) × நுனிவேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இழுவைக் கெழு 0.025 என்றால் 6.2 வாட். 0.040 என்றால் 9.9 வாட். மொத்தம் 32 வாட்டுக்குள் இது மிகப் பெரிய வித்தியாசம். இந்த ஒரு எண் தவறாக இருந்தால் அதன்மேல் கட்டும் எல்லாமே தவறு.

70,000 ரெனால்ட்ஸ் எண்ணில் காற்றோட்டம் பிளேடின் மேற்பரப்பில் படலமாகவே ஓடிப் பிரிந்து, கொந்தளித்து, மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிரிவதற்கும் ஒட்டுவதற்கும் இடையே உருவாகும் குமிழிதான் இழுவையைத் தீர்மானிக்கிறது. பெரிய விமானத்தின் 12 சதவீதத் தடிப்புள்ள ஏர்ஃபாயில் இங்கே மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. 6 முதல் 7 சதவீதத் தடிப்பு, 4 முதல் 5 சதவீத வளைவு, கூர்மையான முன்விளிம்பு என்று தொடங்குங்கள்.

எம்ஐடி பேராசிரியர் மார்க் ட்ரெலா 1986-இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் என்ற ஏர்ஃபாயில் கணக்கு நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதுவே போதும். ஓட்டும் முறை:

ரெனால்ட்ஸ் எண் 30,000, 50,000, 70,000, 1,00,000, 1,50,000 ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே ஓட்டுங்கள். தாக்குகோணம் மைனஸ் 4-லிருந்து 12 டிகிரி வரை, கால் டிகிரி படியில். கொந்தளிப்பு மாறுநிலைக்கான அளபுரு தானாக 9 என்று இருக்கும். அது சராசரிக் காற்றுச் சுரங்கத்துக்கு உரியது. ஒரு பிளேடு கிளப்பிய காற்றில்தான் அடுத்த பிளேடு ஓடுகிறது என்பதால் 5 முதல் 7 வரை வைத்துப் பாருங்கள். 5-க்கும் 9-க்கும் விடை வெகுவாக மாறினால் அந்த ஏர்ஃபாயிலைக் கைவிடுங்கள். நிஜத்தில் அது எந்தப் பக்கம் விழும் என்று உங்களால் சொல்ல முடியாது.

பின்விளிம்பை நீங்கள் உண்மையில் செய்யப்போகும் தடிப்போடு வரையுங்கள். 17 மி.மீ. அகலத்தில் 0.6 மி.மீ. பின்விளிம்பு என்பது 3.5 சதவீதம். கூர்மையாக வரைந்து ஓட்டிவிட்டு முப்பரிமாண அச்சுப்பொறியில் மழுங்கலாக அச்சிட்டால், கணக்கும் பொருளும் வேறு வேறு ஏர்ஃபாயில்.

எக்ஸ்ஃபாயில் ஸ்டாலுக்கு (தாக்குகோணம் மிகுந்து ஏற்றம் சரியும் நிலை) அருகே ஏற்றத்தை மிகைப்படுத்திக் காட்டும். கணக்கு குவியாத புள்ளிகளை நீக்கிவிட்டு, உச்ச ஏற்றத்துக்குச் சற்று முன்பே தரவை நிறுத்தி, அதற்கு மேல் இழுவை வேகமாக ஏறும்படி நீட்டுங்கள். பிறகு மென்மையான முப்படி ஸ்ப்ளைன் பொருத்துங்கள். புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் சரிவு சட்டென்று மாறும். உகப்பாக்க நிரல் அந்த முனைகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

படி 4: பிளேடு துண்டுக் கணக்கை நிரலாக்குதல்

பிளேடை 30 முதல் 40 துண்டாகப் பிரியுங்கள். நுனியருகே துண்டுகள் நெருக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் அறியாத எண் ஒன்றுதான்: கீழ்வேகம். பிளேடு தரும் விசையும், காற்றின் உந்தமாற்றம் தரும் விசையும் சமமாகும் கீழ்வேகத்தைத் தேட வேண்டும்.

இங்கே பலரும் மதிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சுற்றவிடுகிறார்கள். சில வடிவங்களில் அது ஊசலாடிக்கொண்டே இருக்கும், குவியாது. விடை இருக்கும் இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போகும் இருகூறிடல் முறை பாதுகாப்பானது. கீழ்வேகம் சுழி என்றால் பிளேடின் விசை மேலோங்கும். காற்று வரும் கோணம் பிளேடின் ஏற்றம் சுழியாகும் அளவுக்கு உயர்ந்தால் உந்தமாற்றம் மேலோங்கும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே விடை கட்டாயம் உண்டு. துல்லியம் பத்தாவது தசமம் வரை போகட்டும். மூன்றாவது தசமத்தில் நிறுத்தினால் விடை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சரிவுகளைக் கணக்கிடும்போது வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

உகப்பாக்கத்துக்குப் போகும் முன் ஒரு சோதனை: இழுவையைச் சுழியாக்குங்கள், நுனித் திருத்தத்தை 1 ஆக்குங்கள், படி 2-இன் வெட்டாத அகலத்தையும் கோணத்தையும் கொடுங்கள். செயல்திறன் எண் 1-ஐ ஒட்டி வர வேண்டும். 0.95 என்றோ 1.05 என்றோ வந்தால் அங்கேயே நின்று பிழையைத் தேடுங்கள். பெரும்பாலும் டிகிரி, ரேடியன் குழப்பமாகவோ பிளேடு எண்ணிக்கையை இருமுறை பெருக்கியதாகவோ இருக்கும்.

படி 5: எதைக் குறைப்பது, எதை மாற்றுவது

மாற்றக்கூடியவை பதினொன்று போதும்: அகலத்துக்கு 5 கட்டுப்பாட்டுப் புள்ளி, முறுக்குக்கு 5, சுற்றுவேகம் 1. நாற்பது துண்டுக்கும் தனித்தனி அகலம், தனித்தனிக் கோணம் என்று விட்டால் ரம்பப்பல் போன்ற பிளேடு கிடைக்கும்.

குறைக்க வேண்டியது அச்சுத்திறன் அல்ல, பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்திறன். ஏன் என்று எண்களே சொல்லும். 5000 சுற்றில் காற்றைத் தள்ள 25.4 வாட் (குறைந்தபட்சத்துக்கு மேல் 12 சதவீதம்), உராய்வு 6.2 வாட், மொத்தம் 31.6. அதையே 4000 சுற்றுக்கு இறக்கி அகலத்தைக் கூட்டினால் உராய்வு 5.0 வாட்டுக்கு இறங்கும், 1.2 வாட் லாபம். ஆனால் அச்சின் டார்க் (திருப்புவிசை) 0.060-லிருந்து 0.073 நியூட்டன்-மீட்டராக ஏறும். 920 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று), சுருள் மின்தடை 0.12 ஓம், சுமையில்லா மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்று கொண்டால், சுருளில் வெப்பமாகப் போவது 4.8 வாட்டிலிருந்து 6.7 வாட்டாகும். மிச்சப்படுத்தியதைவிட இழந்தது அதிகம். பிளேடை மட்டும் பார்க்கும் நிரல் எப்போதும் மெதுவான, அகலமான பிளேடையே தேர்ந்தெடுக்கும். மோட்டாரையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடுவில் உண்மையான உகமம் (மிகச் சிறந்த நிலை) தோன்றும். மோட்டாரையும் மாற்ற வசதியிருந்தால் கேவி குறைந்த, சற்றுப் பெரிய மோட்டாரோடு மறுபடி ஓட்டுங்கள். அப்போது உகமம் மெதுவான பக்கம் நகரும்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், ஏர்ஃபாயிலில் எந்த விகிதத்தைப் பெரிதாக்குவது என்பது. சுற்றுவேகம் நிலையாக இருந்து அகலம் மாறலாம் என்றால், ஏற்றத்தை இழுவையால் வகுத்த விகிதம். அகலம் நிலையாக இருந்து சுற்றுவேகம் மாறலாம் என்றால், ஏற்றக் கெழுவின் ஒன்றரை அடுக்கை இழுவையால் வகுத்த விகிதம். இது உயர்ந்த ஏற்றக் கெழுவில்தான் உச்சம் அடையும். இரண்டையும் விடுவித்தால் நிரலே தீர்மானிக்கும். ஆனால் அது ஏன் அந்தப் பக்கம் போகிறது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

கட்டுப்பாடுகள்: தூக்குவிசை சரியாக 3.92 நியூட்டன். அகலம் 8 மி.மீ.க்குக் குறையாது, 32 மி.மீ.க்கு மேல் போகாது. அடுத்தடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் முறுக்கு வெளிநோக்கிக் குறைந்துகொண்டே வரும். எந்தத் துண்டிலும் ஏற்றக் கெழு, உச்சத்தைவிடக் குறைந்தது 0.2 கீழே நிற்கும்.

கடைசிக் கட்டுப்பாட்டின் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிட்ச் மாறாத ரோட்டார் அந்தரத்தில் நிற்கும்போது, சுற்றுவேகத்தைக் கூட்டினாலும் தாக்குகோணம் மாறாது; கீழ்வேகமும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே அந்தரத்தில் 400 கிராமுக்கு உகந்த பிளேடு 800 கிராமிலும் ஏறக்குறைய உகந்ததே. தாக்குகோணத்தை மாற்றுவது செங்குத்து இயக்கமும் காற்றுச்சுழலும்தான். மேலே ஏறும்போது அது குறையும். கீழே இறங்கும்போதும், கீழிருந்து காற்று வீசும்போதும் கூடும். இடைவெளி விடாமல் ஸ்டால் விளிம்பில் நிறுத்திய பிளேடு, சோதனைத் தாங்கியில் அருமையான எண்ணைக் காட்டிவிட்டு, இறங்கும்போது ட்ரோனை ஆட்டிவைக்கும்.

படி 6: ஓட்டுதல்

பைதானில் சைபை தொகுப்பில் கட்டுப்பாடுகளோடு உகமம் தேடும் எஸ்எல்எஸ்கியூபி முறை இந்த அளவுக்குப் போதும். எல்லா மாறிகளையும் 1-க்கு அருகே வருமாறு அளவு மாற்றிக்கொள்ளுங்கள், அகலம் 0.02 மீட்டர், சுற்றுவேகம் 500 ரேடியன் என்று அப்படியே கொடுத்தால் நிரல் தடுமாறும். படி 2-இன் பிளேடைத் தொடக்கமாகக் கொடுங்கள். பிறகு அதைச் சுற்றித் தற்செயலாக மாற்றிய இருபது தொடக்கங்களிலிருந்து ஓட்டுங்கள். பெரும்பாலானவை ஒரே திறனில் வந்து சேர்ந்தால் நம்பலாம்.

விடை வந்ததும் முதலில் சந்தேகப்படுங்கள். உகப்பாக்க நிரல் உங்கள் மாதிரியில் இருக்கும் ஓட்டையைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கண்டுபிடிக்கும். எல்லாத் துண்டும் ஒரே வினோதமான தாக்குகோணத்தில் போய் நின்றால், ஏர்ஃபாயில் தரவில் அங்கே ஒரு போலிப் பள்ளம் இருக்கிறது. நுனி அகலம் கீழ் எல்லையில் ஒட்டிக்கொண்டால், அங்கே ரெனால்ட்ஸ் எண் 30,000-க்குக் கீழே போய்த் தரவுக்கு வெளியே கணக்கு நடக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஏற்றக் கெழு வரம்பில் நின்றால் அது இயல்பு. அகலத்தை வெட்டியதன் விளைவு.

உகமத்தைச் சுற்றியுள்ள பகுதி தட்டையானது. அகலத்தை 10 சதவீதம் மாற்றினாலும் திறன் ஒரு சதவீத அளவுக்குத்தான் நகரும். ஆகவே 0.1 சதவீதத்துக்காக நாள்கணக்கில் ஓட்டாமல், அந்தத் தட்டையான பகுதிக்குள் செய்வதற்கு எளிதான, உறுதியான பிளேடைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: வலிமை

5 கிராம் எடையுள்ள பிளேடு, அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 45 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றால், 5000 சுற்றில் அது வெளியே இழுக்கும் விசை 62 நியூட்டன். 10,000 சுற்றில் 247 நியூட்டன், ஏறத்தாழ 25 கிலோ எடை பிளேடில் தொங்குவதற்குச் சமம். அச்சிடும்போது அடுக்குகள் பிளேடின் நீளத்துக்குக் குறுக்கே அமைந்தால் இந்த விசை அடுக்குகளைப் பிய்த்துவிடும். அடுக்குகள் நீளவாட்டில் ஓட வேண்டும். முப்பரிமாண அச்சுக்கு வழக்கமான பிளாஸ்டிக்கான பிஎல்ஏ 60 டிகிரி அளவில் இளகிவிடும் என்பதால் வெயிலில் நிறுத்திய ட்ரோனுக்கு அது ஆகாது. நைலான் பொடியில் லேசரால் அச்சிட்டதோ, அச்சில் வார்த்த கார்பன் இழையோ நல்லது.

அடிப்பகுதியில் தடிப்பை 7 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக உயர்த்துங்கள். வளைவுத்தகைவு தடிப்பின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அது பாதிக்கும் கீழே வந்துவிடும். அங்கே காற்றின் வேகம் குறைவு, இழுவையில் பெரிய நஷ்டமில்லை.

மெல்லிய பிளாஸ்டிக் பிளேடு சுழலும்போது தானாகவே முறுக்கு அவிழ்ந்து ஓரிரு டிகிரி தட்டையாகும். அளந்த தூக்குவிசை கணக்கைவிடச் சீராகக் குறைந்து, சுற்று கூடக் கூட இடைவெளியும் கூடினால் காரணம் இதுதான். அந்தக் கோணத்தை முன்கூட்டியே சேர்த்து மறுபடி அச்சிடுங்கள். 5000 சுற்று என்பது நொடிக்கு 83 அதிர்வு. பிளேடின் இயல்பு அதிர்வெண் 83-க்கோ 167-க்கோ அருகே வரக்கூடாது.

படி 8: அளந்து பார்த்தல்

கிராம்-வாட் கணக்கு (ஒரு வாட்டுக்கு எத்தனை கிராம் தூக்குகிறது என்பது) மட்டும் போதாது. அதில் மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இஎஸ்சியும் கலந்திருப்பதால் பிளேடு நல்லதா கெட்டதா என்று தெரியாது. தூக்குவிசைக்கு ஒரு லோட் செல் (விசை அளக்கும் உணரி), டார்க்குக்கு இன்னொன்று, அவற்றைப் படிக்கும் எச்எக்ஸ்711 பலகை, ஒளியால் சுற்று எண்ணும் கருவி, வெப்பமானி, அழுத்தமானி. சுழலும் தளத்தில் எவரும் நிற்கக்கூடாது. சுற்றிலும் தடித்த பாலிகார்பனேட் தடுப்பு வேண்டும். புதுப் பிளேடை, பறப்பில் தேவைப்படும் உச்சச் சுற்றைவிட 10 சதவீதம் மேலே ஒரு நிமிடம் ஓட்டிய பிறகே அளவெடுங்கள்.

காற்று தாங்கியின் எதிர்ப்பக்கமாக வெளியேறும்படி பொருத்துங்கள். தாங்கி காற்றோட்டத்தில் இருந்தால் அதன்மேல் விழும் விசையும் கணக்கில் கலந்துவிடும். சுவர் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். மூடிய சிறிய அறையில் காற்று சுழன்று திரும்பி வந்து, நேரம் ஆக ஆக எண்ணை மாற்றும். ஒவ்வொரு அளவும் பத்து நொடிச் சராசரியாக இருக்கட்டும், இடையே காற்று அடங்கவிடுங்கள். செயல்திறன் எண்ணில் தூக்குவிசை ஒன்றரை அடுக்காக வருவதால், லோட் செல்லில் 1 சதவீதப் பிழை அங்கே 1.5 சதவீதமாகும், தெரிந்த எடைகளை வைத்து அளவுகோலைத் தினமும் சரிபாருங்கள்.

ஒரே பிளேடை அச்சிட்டு அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். நான்கு வேண்டும்: கடையில் வாங்கியது, கணக்கின் உகமம், அதே உகமத்தில் முழு முறுக்கையும் 1 டிகிரி கூட்டியது, 1 டிகிரி குறைத்தது. உகமம் மற்ற இரண்டையும் வென்றால் மாதிரி சரி. 1 டிகிரி கூட்டியது வென்றால், பிளேடு சுழலும்போது அவிழ்கிறது அல்லது ஏர்ஃபாயிலின் ஏற்றத்தைக் கணக்கு மிகைப்படுத்தியிருக்கிறது. 1 டிகிரி குறைத்தது வென்றால் இழுவைத் தரவைத் திரும்பப் பாருங்கள். சாய்வுக்கோணத்தைப் பிளேடின் தட்டையான அடிப்பரப்பிலிருந்து அளந்தீர்களா, முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டிலிருந்தா என்பதையும் சரிபாருங்கள். வளைந்த ஏர்ஃபாயிலில் இரண்டுக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் வரலாம்.

விட்டம் மாறினால்

இதே படிகள் எந்த அளவுக்கும் பொருந்தும், எண்கள்தான் இடம் மாறும். உள்ளங்கை அளவு ட்ரோனில் ரெனால்ட்ஸ் எண் 10,000 அளவுக்கு இறங்கும். அங்கே வளைந்த மெல்லிய தகடே வழக்கமான ஏர்ஃபாயிலை வென்றுவிடும், எக்ஸ்ஃபாயில் எண்களையும் அதிகம் நம்ப முடியாது. மறுகோடியில் செவ்வாயில் பறந்த நாசாவின் ஹெலிகாப்டர் இன்ஜெனுவிட்டி இருக்கிறது. 1.8 கிலோ எடை, 1.21 மீட்டர் விட்டத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரோட்டார். செவ்வாயின் காற்று நம் கடல்மட்டக் காற்றில் ஒன்றிரண்டு சதவீத அடர்த்திதான் என்பதால், அவ்வளவு பெரிய பிளேடும் நம் 10 அங்குலப் பிளேடைவிடக் குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் ஓடியது. போதாக்குறைக்கு அங்கே ஒலிவேகமும் குறைவு. நாம் படி 2-இல் மறந்துவிட்ட நுனிவேக வரம்பை அந்த வடிவமைப்பாளர்கள் முதல் கட்டுப்பாடாக எழுத வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 19-இல் முதன்முதலாக எழும்பிய அது 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18-இல் நடந்த கடைசிப் பறப்பில் பிளேடுகள் சேதமடைந்ததோடு அதன் பயணம் முடிந்தது.